பத்தனையின் பின்வாசல்

பெரட்டு முடிந்து கொழுந்துக்காரப் பெண்கள் மேல் மலைக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். டயகமவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற விளிம்பில் ஒரு பழைய வண்டிப்பாதை போகிறது. மூடுபனி இன்னும் விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் நின்ற சவுக்கு மரம் நிழலாகத்தான் தெரிந்தது. என்னோடு வந்த தோட்டக் காவல்காரர் சட்டென்று நின்று, கையிலிருந்த தடியால் தரையைத் தொட்டுக் காட்டினார். பாதை நடுவே, பெருவிரல் தடிமனில், முறுக்கிய கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதுபோல எச்சம் கிடந்தது.

"புலி போட்டது, தம்பி. ரெண்டு நாளாச்சு. வெளுத்திருக்கு பாருங்க."

மலையகத்தில் சிறுத்தைக்குப் புலி என்றே பேர். வரிப்புலி இந்தத் தீவில் இல்லாததால் குழப்பம் வருவதில்லை. அவர் தடியின் நுனியால் எச்சத்தை உடைத்தார். உள்ளே முரட்டுப் பழுப்பு மயிரைத் திணித்து வைத்ததுபோல் இருந்தது. நடுவே எலும்புச் சில்லு ஒன்று. குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "மரை" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவருக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதே முடிவுக்கு வரக் கொஞ்சம் பாடுபட வேண்டும். எச்சத்தைக் கழுவி, சலித்து, மயிர்களைப் பிரித்து உலர்த்துவார்கள். விலங்கின் மயிரை நுண்நோக்கியில் பார்த்தால் வெளிப்புறம் மீன் செதில்போல் அடுக்கடுக்காக இருக்கும். உள்ளே நீளவாக்கில் ஒரு தண்டு ஓடும். செதிலின் அடுக்கும் தண்டின் அகலமும் இனத்துக்கு இனம் வேறுபடும். மரைக்கு ஒரு மாதிரி, காட்டுப்பன்றிக்கு ஒரு மாதிரி, எலிக்கு வேறு. ஒரு விலங்கை நேரில் காணாமலே, தொந்தரவு செய்யாமலே, அது போன வாரம் என்ன தின்றது என்று சொல்லிவிடலாம். ஆண்ட்ரூ கிட்டில், அஞ்சலி வாட்சன் இருவரும் சக ஆய்வாளர்களோடு மத்திய மலைநாட்டுச் சிறுத்தைகளின் எச்சங்களை இப்படித்தான் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு கிலோகூட எடையில்லாத எலி முதல் 100 கிலோவைத் தாண்டும் மரை வரை எல்லாமே இந்த மலைச் சிறுத்தையின் சாப்பாட்டில் இருந்தது.

அந்த மயிருக்குச் சொந்தமான மரை ஹோட்டன் சமவெளிப் பூங்காவுக்குள் மேய்ந்ததா, பூங்காவுக்கு வெளியே உள்ள காட்டில் மேய்ந்ததா என்று எந்த நுண்நோக்கியும் சொல்லாது. மரைக்கும் சிறுத்தைக்கும் அந்த எல்லை தெரியாது. இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்ல விரும்புவதும் அந்த எல்லையைப் பற்றித்தான்.

*

ஹோட்டன் சமவெளியை உலகம் பட்டிப்பொல வழியாகவும் ஓஹிய வழியாகவும் பார்க்கிறது. அந்த வாசல்களில் அதிகாலையிலேயே வேன்கள் வரிசை கட்டும். வந்தவர்கள் 'உலக முடிவு' எனப்படும் பாறை விளிம்பில் நின்று ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்துச் சரிவைப் பார்ப்பார்கள், பேக்கர் நீர்வீழ்ச்சியில் படம் எடுப்பார்கள், வெயிலேறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். டயகம அடங்கிய அக்கரப்பத்தனைப் பகுதிக்காரர்களுக்கு அது அப்படியல்ல. அவர்கள் அந்த மேட்டுநிலத்தின் முதுகுக்குக் கீழே வாழ்கிறவர்கள். அங்கிருந்து ஆக்ரா ஓயா இறங்கி வருகிறது. மழையும் பனியும் இறங்கி வருகின்றன. இரவில் காட்டுப்பன்றியும், அதன் பின்னால் சிறுத்தையும் இறங்கி வருகின்றன. பூங்காவின் பின்வாசல் இது. பின்வாசலில்தான் ஒரு வீட்டின் உண்மையான புழக்கம் தெரியும்.

பூங்காவின் பரப்பளவு 3,160 ஹெக்டேர், அதாவது 32 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசிய பூங்காவானது. வில்பத்து 1,300 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம் என்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு கைக்குட்டை. வயதுவந்த ஓர் ஆண் சிறுத்தை தனக்கென்று வைத்துக்கொள்ளும் எல்லையே 20 சதுர கிலோமீட்டரை எட்டக்கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பூங்காவை மட்டும் நம்பினால் சிறுத்தைக் குலம் அங்கே தலைமுறை தலைமுறையாக எப்படித் தழைக்கும்? மேற்கே சிவனொளிபாத மலைக் காடு வரை முகடு முகடாகத் தொடரும் வனமும், அக்கரப்பத்தனை, பொகவந்தலாவைத் தோட்டங்களுக்கு மேலும் நடுவிலும் எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளும் சேர்ந்துதான் அந்தக் கைக்குட்டையை ஒரு போர்வையாக்குகின்றன. ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றையும் சேர்த்து 'மத்திய உயர்நிலங்கள்' என்ற பெயரில் யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமையாக்கியது. அந்தப் பட்டியலில் தேயிலைக்கு நடுவே கிடக்கும் ஓடைக்கரைக் காடுகளுக்கு இடமில்லை.

*

அக்கரப்பத்தனை என்ற பெயரிலிருந்து தொடங்கலாம். பத்தனை என்பது சிங்களத்தில் மலைப் புல்வெளியைக் குறிக்கும் சொல். ஹட்டன் பாதையில் பத்தனை என்றே ஓர் ஊர் உண்டு. பொகவந்தலாவை போன்ற பெயர்களில் வரும் 'தலாவ'வும் வெட்டவெளிப் புல்நிலந்தான். இன்று அந்த ஊர்களில் கண்ணுக்கு எட்டியமட்டும் தேயிலை. புல் போய்விட்டது, பெயர் மட்டும் நிலத்தின் பழைய ஞாபகத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. உண்மையான பத்தனையைப் பார்க்க வேண்டுமானால் இப்போது மேலே, பூங்காவுக்குப் போக வேண்டும்.

அங்கே காட்டுக்கும் புல்லுக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு இருக்கும். குன்றின் மேலே குள்ள மரங்களின் அடர்ந்த காடு. சரிவிலும் பள்ளத்திலும் புல். மரம் ஏன் பள்ளத்தில் இறங்கவில்லை? ஒரு விளக்கம் குளிர். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் உள்ள இடம் அது. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் கனத்த குளிர்காற்று தண்ணீரைப்போல வழிந்து பள்ளங்களில் தேங்கும். விடியும்போது புல் நுனியெல்லாம் வெள்ளை உறைபனி. அக்கரப்பத்தனையில் அந்தக் காலத்தில் கொழுந்து கருகுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புல்லுக்கு உயிர் வேரிலும் அடித்தூரிலும் இருப்பதால் அது தப்பிக்கிறது. பிஞ்சு மரக்கன்றுக்கு உயிர் நுனியில்; அது ஒரே இரவில் கருகிப்போகிறது. இன்னொரு விளக்கம் நெருப்பு. பிரேமதிலக என்ற ஆய்வாளர் அங்குள்ள கரிச்சேற்றில் புதைந்த மகரந்தத் துகள்களை அடுக்கடுக்காக ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கும் பழைய கதையைப் படித்தார். மனிதர்கள் வரலாற்றுக்கு வெகு முன்பே அங்கே நெருப்பு வைத்து, கால்நடை மேய்த்து, தானியம் பயிரிட்டார்கள் என்பது அவரும் அவருடைய கூட்டாளிகளும் முன்வைத்த வாதம். பயிர் பற்றிய பகுதி விவாதத்துக்கு உரியது. ஆனால் அந்தப் புல்வெளி மனிதக் கை படாத ஆதி நிலம் என்ற எண்ணம் மட்டும் இனிச் செல்லாது.

1834இல் பிஷர், வாட்சன் என்ற இரண்டு ஆங்கிலேயப் படை அதிகாரிகள் இந்தச் சமவெளியைக் 'கண்டுபிடித்தார்கள்'. ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன்பே சிங்கள மக்கள் அதை மகா எலிய, பெரிய வெளி, என்று அழைத்துவந்தார்கள். அடுத்து வந்தவை துப்பாக்கிகள். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியிருந்த 1840களிலும் 1850களிலும் வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்தினார். அவருக்குச் சற்று முன்பு இருந்த மேஜர் ரொஜர்ஸ் கொன்ற யானைகள் 1,400க்கும் மேல் என்பார்கள். இந்த மலையில் யானையா என்று வியக்க வேண்டாம். ஹோட்டன் சமவெளியில் கடைசியாக யானை காணப்பட்டது 1940களில். என் பாட்டி தலைமுறையின் காலம் அது, அவ்வளவு கிட்டத்தில்.

துப்பாக்கியைவிடப் பெரிய மாற்றம் கோடரி. முதலில் கோப்பி; 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி சாய்ந்ததும் தேயிலை. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹுக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விட்டுவிடும்படி ஆலோசனை சொன்னார். அவர் யோசித்தது தண்ணீரைப் பற்றி. இன்று ஹோட்டன் சமவெளியும் அதைச் சுற்றிய முகட்டுக் காடுகளும் எஞ்சி நிற்பதில் அந்த ஆலோசனைக்குப் பெரும் பங்குண்டு. டயகம போன்ற மேல் தோட்டங்கள் அந்த 5,000 அடிக் கோட்டையும் தாண்டி நிற்கின்றன என்பதும் உண்மை. அந்த மரங்களை வெட்டி விழுத்தியது தமிழகத்திலிருந்து கடல் கடந்து நடந்து வந்த எங்கள் முன்னோர்களின் கைகள். காடு யாருடையது, எவ்வளவு வெட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் அவர்களல்ல. வெட்டிய நிலத்தில் ஒரு முழம்கூட அவர்கள் பெயரில் எழுதப்படவுமில்லை. மலையகத்தில் காட்டைப் பற்றிப் பேசுகிற எவரும் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். காடழிந்த கதையில் கோடரிக்காரனாக மட்டும் தோன்றியவன், காக்கிற கதையில் குற்றவாளியாக மட்டும் தோன்றுவது நியாயமில்லை.

*

ஹுக்கர் சொன்னது எப்படி வேலை செய்கிறது? முகட்டுக் காட்டுக்குள் மூடுபனி நேரத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். மழை இருக்காது. ஆனால் மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். பனியிலுள்ள நீர்த்துளிகள் மிகச் சிறியவை, தாமாகத் தரையில் விழும் எடை அவற்றுக்கு இல்லை. காற்று அவற்றை இலைமேல், கிளைமேல், கிளையைப் போர்த்திய பாசிமேல் மோதவைக்கிறது. துளியோடு துளி சேர்ந்து கனத்து விழுகிறது. மழைமானியில் பதிவாகாத மழை இது. விழுந்த நீரைக் கறுத்த, பஞ்சுபோன்ற மண் உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறது. மாசி மாதத்து வறட்சியிலும் லயத்துப் பீலியில் தண்ணீர் விழுவது இதனால்தான்.

அந்த நீர் போகும் தூரத்தைப் பாருங்கள். ஆக்ரா ஓயா மற்ற ஓயாக்களோடு சேர்ந்து கொத்மலை ஓயாவாகி, தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையில் தேங்கி 150 மெகாவாட் மின்சாரத்துக்கு வேலை செய்கிறது. பிறகு மகாவலியோடு கலந்து, நெல் வயல்களைக் கடந்து, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மூதூரில் தண்ணீர் இறைக்கும் விவசாயியின் வாய்க்காலில் டயகமக் காட்டுப் பாசியிலிருந்து சொட்டிய துளி இருக்கிறது.

இந்தக் காட்டுக்கும் நோய் உண்டு. 1970களிலிருந்து ஹோட்டன் சமவெளியில், குறிப்பாகத் தொட்டுப்பொலகந்தைப் பக்கம், மரங்கள் நின்ற நிலையிலேயே நுனியிலிருந்து பட்டுப்போகின்றன. கீனா மரம் முதலில் சாகிறது. காற்றில் வரும் மாசு, பனியின் அமிலம், மண்ணில் நீர்ப்பற்றாக்குறை என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஒன்றின் மேல் மட்டும் பழி விழவில்லை. விழுந்த மரத்தின் இடத்தில் முளைக்கும் கன்றுகளை மரைகள் மேய்ந்துவிடுகின்றன. வேட்டை நின்றபின் மரை பெருகியது நல்ல சேதி. ஆனால் மரையைக் கட்டுக்குள் வைக்க இங்கே இருப்பது சிறுத்தை ஒன்றுதான். சிறுத்தை குறைந்தால் அதன் விளைவை ஒரு கீனாக் கன்று அனுபவிக்கும்.

*

பெரிய விலங்குகளைப் பற்றியே பேசினால் இந்தப் பள்ளத்தாக்குக்கு அநியாயம் செய்தவனாவேன். இங்கே உலகத்தில் வேறெங்கும் இல்லாத செல்வம் பெருவிரல் நகத்தளவில் இருக்கிறது.

அக்கரப்பத்தனைக்கு அருகே ஆக்ரா ஆர்போரேட்டம் என்று ஒரு காட்டுப் பகுதி உண்டு. தவளை ஆராய்கிறவர்கள் தேடி வரும் இடம். மழை விட்ட இரவில் விளக்கோடு போனால் நாலாபக்கமும் 'டிக்... டிக்' என்று சின்னக் கல்லைக் கல்லில் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். சத்தம் வரும் திசையில் வெளிச்சத்தை அடித்தால் ஒன்றும் தெரியாது. பொறுமையாக இலை இலையாகப் பார்த்தால், கண்ணுக்கு நேரே, ஒரு பச்சைத் தவளை இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டிருக்கும். தொண்டை மட்டும் குமிழிபோல் உப்பி அடங்கும்.

தவளை என்றால் குளம், குளமென்றால் தலைப்பிரட்டை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்தப் புதர்த்தவளைகள் அந்தப் பாடத்தை மதிப்பதில்லை. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது. முட்டைக்குள்ளேயே வால் முளைத்து, கால் முளைத்து, வால் கரைந்து, முழுத் தவளைக் குஞ்சாக வெளியே வரும். சில இனங்களில் தாய் பின்னங்காலால் ஈர மண்ணில் சிறு குழி பறித்து, முட்டையிட்டு, மண்ணோடு பிசைந்து மூடிவிட்டுப் போகும். ஒரு சில இலையின் அடிப்புறத்தில் ஒட்டவைக்கும். ஒரு முறை அப்படி ஒட்டிய முட்டைத் தொகுதி ஒன்றை நான் பார்த்தேன். ஜவ்வரிசியை வேகவைத்து வைத்ததுபோல் பளிங்காக இருந்தது. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி, அந்தப் புள்ளிக்கு இரண்டு கண். தொடவில்லை, மூச்சு படாமல் பார்த்துவிட்டு விலகினேன்.

குளமே தேவையில்லாத தவளை என்றால் வசதிதானே என்று தோன்றும். விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஓடில்லாத அந்த முட்டைக்குக் காற்றே குளம். காற்று எந்நேரமும் ஈரமாக இருந்தாக வேண்டும். மேலே மரக்கூரை கொஞ்சம் திறந்து வெயில் இரண்டு மணிநேரம் உள்ளே விழுந்தால் போதும், ஒரு தலைமுறை காய்ந்துவிடும். இலங்கையில் இந்தக் குடும்பத்துப் புதர்த்தவளைகளில் 70க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன; அவற்றில் பதினைந்துக்கும் மேற்பட்டவை பழைய அருங்காட்சியகப் புட்டிகளில் மட்டுமே எஞ்சி, அற்றுப்போனவை என்று பதிவாகியிருக்கின்றன. எந்தக் காட்டை வெட்டியபோது எது போனது என்று தேதி குறிக்க அன்றைக்கு ஆளில்லை.

தேவாங்கின் கதை கொஞ்சம் ஆறுதலானது. ஹோட்டன் சமவெளிக்கே உரிய, உடலில் அடர்ந்த மயிர் கொண்ட குட்டைக்கால் தேவாங்கை 1937க்குப் பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய முறையே பார்த்திருந்தார்கள். அது போய்விட்டதாகவே பலர் நினைத்தார்கள். 2009இல் இலங்கை ஆய்வாளர்கள் இரவிரவாகத் தேடி அதைப் படம் எடுத்தார்கள். இரவில் விளக்கொளி பட்டு இரண்டு பெரிய கண்கள் ஆரஞ்சு நிறத்தில் திரும்பிப் பார்த்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

*

மறுபடியும் சிறுத்தைக்கு வருகிறேன். இலங்கைச் சிறுத்தை உலகில் இங்கு மட்டுமே வாழும் துணையினம். அதற்கு மேல் ஒரு வேட்டை விலங்கு இந்தத் தீவில் இல்லை. பகலில் ஓடைக்கரைக் காட்டிலோ, டர்பன்டைன் காட்டிலோ, கைவிடப்பட்டு மானாப்புல் மண்டிய தேயிலை மலையிலோ படுத்திருக்கும். இருட்டியதும் வண்டிப்பாதைகளிலும் கொழுந்து மலைப் படிகளிலும் நடக்கும். பாதை மனிதன் போட்டதாக இருந்தால் என்ன, நடக்கச் சுலபமாயிருந்தால் சிறுத்தையும் அதைத்தான் பிடிக்கும். ஆய்வாளர்கள் அதே பாதைகளில் இரு பக்கமும் ஒவ்வொன்றாகத் தானியங்கிக் கமெராக்களைக் கட்டுகிறார்கள். சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றுபோல் இராது. இரண்டு பக்கமும் படமெடுத்தால்தான் இது அதே சிறுத்தையா, வேறொன்றா என்று அடையாளம் காணலாம்.

"நாம அதப் பாக்காட்டியும் அது நம்மளப் பாத்துட்டுத்தான் போகும்" என்றார் காவல்காரர். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அந்த உணர்வு நன்றாகத் தெரியும். செடிக்கு நடுவே படுத்திருக்கும் சிறுத்தையை மிதித்துவிடுவோமோ என்ற பயத்தோடுதான் காலை மலையில் இறங்குகிறார்கள். கைதட்டி, சத்தமாகப் பேசிக்கொண்டு போவது அதற்காகத்தான். நாய் காணாமல் போகும் இரவுகள் உண்டு. கன்றுக்குட்டி போனால் அது ஒரு குடும்பத்துக்குப் பல மாத இழப்பு. இதையெல்லாம் சொல்லாமல் சிறுத்தையைக் காப்போம் என்று மட்டும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

என்றாலும் சிறுத்தை இங்கே மனிதர் அதன்மேல் கொண்ட கோபத்தால் சாவதைவிட, பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சாவதே அதிகம்.

லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி மரக்கறி. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. ஓர் இரவில் பன்றிக் கூட்டம் வந்தால் மூன்று மாத உழைப்பு உழுத வயலாகிவிடும். அப்போது எவனோ ஒருவன் பழைய பிரேக் கேபிளை எடுத்துச் சுருக்குப் போட்டு, வேலி இடைவெளியில் கட்டிவிடுகிறான். இறைச்சி விற்கவே சுருக்கு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. சுருக்குக்குச் செலவு இல்லை, காவல் இருக்க வேண்டியதில்லை. யார் கழுத்து என்று அது பார்ப்பதும் இல்லை.

பன்றியின் பாதையில் வரும் சிறுத்தை தலையை நுழைக்கும். மெலிந்த உடலானால் தோளும் நுழைந்து, கம்பி இடுப்பில் போய் இறுகும். சிறுத்தை முன்னே பாயப் பாயக் கம்பி உள்ளே வெட்டும். தோலுக்கு அடியில் தசை நசுங்கும், சிறுநீரகம் அடிபடும். இதைவிடக் கொடுமையானது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. உயிர்ப்பயத்தில் மணிக்கணக்காகத் திமிறும்போது தசை நார்கள் உடைந்து, அவற்றிலுள்ள சிவப்புப் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிக்க முடியாமல் அடைத்துப்போகிறது. இப்படி மீட்கப்பட்ட விலங்கு கூண்டுக்குள் எழுந்து நிற்கும், தண்ணீர் குடிக்கும், பிழைத்துவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் செத்துவிடும்.

2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்தது அதுபோன்ற ஒன்று. கம்பியில் சிக்கியது ஒரு கருஞ்சிறுத்தை. சிறுத்தைகளில் கறுப்பு நிறம் ஒடுங்கு மரபணுவால் வருவது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்து சேர்ந்தால்தான் குட்டி கறுப்பாகும். புள்ளிகள் மறைவதில்லை, கறுப்புக்குள் கறுப்பாக இருக்கும், அகச்சிவப்புக் கமெராவில் துலங்கும். இலங்கையில் அப்படி ஒரு சிறுத்தை உயிரோடு தென்படுவதே அபூர்வம். வனஜீவராசிகள் திணைக்கள மருத்துவர்கள் மயக்க ஊசி போட்டு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தார்கள். சில நாட்களிலேயே இறந்தது. கழுத்தில் கம்பி வெட்டிய காயம். பத்திரிகைகளில் அந்தப் படம் வந்தது. லயத்தில் பலர் அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்திருந்தார்கள், இறந்துபோன சொந்தக்காரரின் படத்தை வைத்திருப்பதுபோல.

சிறுத்தை சிக்கியது தெரிந்ததும் ஊரே கூடுவது வழக்கம். ஆயிரம் பேர் சுற்றி நின்று கத்தினால் அது இன்னும் திமிறும், தசை இன்னும் உடையும். மருத்துவக் குழு ரந்தெனிகலை போன்ற தூரத்து இடத்திலிருந்து மலைப்பாதை ஏறி வர வேண்டும். அந்த இடைவெளியில் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, அமைதியாக இருக்கச் செய்யும் ஒரு தலைவர், ஒரு கங்காணி, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தால் விலங்கு பிழைக்கும் வாய்ப்பு கூடும். ஊசி மருந்துக்குச் சமமான வேலை அது.

*

இதையெல்லாம் எழுதும்போது என் மனம் ஆபிரிக்காவுக்குப் போகிறது. ருவாண்டாவின் தென்மேற்கில் நியுங்வே என்று ஒரு தேசிய பூங்கா. கொரில்லாவைத் தேடிப் போகிறவர்கள் பலர் அதை எட்டிப் பார்ப்பதில்லை. 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைக்காடு. கொங்கோவுக்கும் நைலுக்கும் நீரைப் பிரித்தனுப்பும் முகடு. பதின்மூன்று வகைக் குரங்கினங்கள். 2023இல் உலக மரபுரிமையானது. அதன் விளிம்பில் என்ன இருக்கிறது தெரியுமா? தேயிலை. கிசகுரா என்ற தோட்டத்தில் தேயிலைக்கு நடுவே தீவுபோல் நிற்கும் ஒரு சிறு காட்டுத் துண்டில் கொலோபஸ் குரங்குக் கூட்டம் ஒன்று குடியிருக்கிறது. படத்தில் பார்த்தால் அக்கரப்பத்தனை என்றே நினைப்பீர்கள்.

அங்கேயும் யானை இருந்தது; கடைசி யானை 1999இல் கொல்லப்பட்டது. அங்கேயும் கம்பிச் சுருக்குதான் காட்டின் பெரும் பகை. ஆனால் ருவாண்டா ஒன்று செய்தது. தேசிய பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் 5 சதவீதத்தைப் பூங்காவைச் சுற்றியுள்ள மக்களுக்கென்று 2005இல் ஒதுக்கத் தொடங்கியது. 2017இல் அதை 10 சதவீதமாக்கியது. பாடசாலை, தண்ணீர்க் குழாய், பயிர் நட்டம் என்று அந்தப் பணம் போகிறது. வேட்டையாடியவர்களில் பலரே இன்று சுருக்குகளைத் தேடி அகற்றுகிறார்கள். குறைகள் அங்கும் இருக்கும். ஆனால் காட்டின் வருமானத்தில் காட்டின் அண்டைவீட்டுக்காரனுக்குப் பங்குண்டு என்று ஒரு நாடு கொள்கையாக ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். பட்டிப்பொல வாசலில் வாங்கும் நுழைவுச் சீட்டில் ஒரு பகுதி டயகம லயத்துப் பின்புற வேலிக்கு வந்து சேர வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான். ஒரு நல்ல வேலி வந்தால் பன்றிச் சுருக்குக்குத் தேவை குறையும். இறுகக் கட்டிய மாட்டுப் பட்டி இருந்தால் கன்று தப்பும், சிறுத்தைமேல் கோபமும் வராது. தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஓடைக்கரைக் காடுகளை விறகுக் கணக்கிலிருந்து எடுத்து, வழித்தடமாக வரைபடத்தில் குறித்துக் காக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

*

அன்று வண்டிப்பாதையிலிருந்து திரும்பும்போது காவல்காரர் குறுக்குவழியில் கூட்டிப்போனார். ஓடைக்கரையில் மானாப்புல் விலகிய ஓர் இடத்தில் குனிந்து, வேரோடு சுற்றியிருந்த எதையோ இழுத்தார். கம்பிச் சுருக்கு. புதிது, துரு ஏறவில்லை. புல்லின் நிறத்துக்குப் பொருந்தச் சேறு பூசியிருந்தார்கள். முழங்கால் உயரத்தில், ஒரு தலை நுழையும் அகலத்தில் வாய் திறந்து தொங்கியது. அவர் முடிச்சை அவிழ்க்கக் கால் மணிநேரம் ஆனது. வைத்தவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கம்பியை உள்ளங்கையில் சுற்றி வளையமாக்கி, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். லயத்துக்கு வந்ததும் நேரே வீட்டுக்குப் பின்னால் போனார். அங்கே தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய மாட்டுப் பட்டி; உள்ளே பசுவும் பிறந்து சில நாளே ஆன கன்றும். பட்டியின் மூலையில் பலகை இற்றுப்போய் ஒரு கை நுழையும் சந்து இருந்தது. பைக்குள் கிடந்த கம்பியை எடுத்து அந்தச் சந்தின் குறுக்கே வரிவரியாக இழுத்துக் கட்டத் தொடங்கினார்.

"அந்தக் குறட்டக் கொஞ்சம் எடுங்க, தம்பி" என்றார்.